மழைமானிக்கு ஒரு கூரை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில், தோட்டத்தை நடத்தும் பெரிய தொரையின் பங்களாவைக் கழித்துவிட்டுப் பார்த்தால், மழை ஒழுகாத கூரை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது மழையை அளக்கும் கருவிக்கு மேலே இருந்தது. இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரித்துவிட்டு, டீச்சர் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார் என்பார்கள். நான் விஞ்ஞானம் கற்பிப்பவள். கூட்டிச் சொல்லும் வேலையை அறிக்கை எழுதுபவர்களிடம் விட்டுவிட்டு, கண்ணால் கண்டதை மட்டும் சொல்லிப் பழகியவள்.

நான் பிறந்தது அந்தத் தோட்டத்தின் கீழ் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். படித்து, ஆசிரியையாகி, கல்யாணம் கட்டி, இப்போது தலவாக்கலையில் வாடகை வீட்டில் இருக்கிறேன். கற்பிப்பது என்னவோ தோட்டத்துப் பாடசாலையில்தான். தினமும் பஸ் ஏறி, பிறந்த இடத்துக்கே வேலைக்குப் போகிறேன். என் அக்கா அங்கிருந்து நகரவில்லை. அம்மாவும் அப்பாவும் இருந்த அதே காம்பராவில், லயத்து அறையில், இரண்டு பெண்பிள்ளைகளோடு இருந்தாள். கொழுந்து பறிப்பாள். அத்தானுக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை. மாதத்துக்கு ஒரு தடவை வந்து, கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, அடுத்த முறை சரி செய்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போவார்.

கீழ் லயத்துக்குப் பின்னால் தேயிலை மலை நேராக ஏறுகிறது. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பெருமழை ஓய்ந்தபோது, செடிகளுக்கு நடுவே அந்த மலையில் ஒரு வெடிப்பு விழுந்திருந்தது. முதலில் பிள்ளைகள் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தாண்டி விளையாடினார்கள். அடுத்த மழைக்காலம் முடிந்தபோது தாண்டவும் பயமாக இருந்தது. அக்காவின் காம்பராவுக்கு நேர் மேலேதான் அது. அவளுடைய பின்சுவரிலும் ஒரு கோடு ஓட ஆரம்பித்தது.

மண்சரிவைப் பார்க்கும் அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள், படம் எடுத்தார்கள், சுவரில் பெயின்டால் ஏதோ அடையாளம் போட்டார்கள். கீழ் லயத்துக் குடும்பங்கள் எல்லாம் இனிமேல் ‘அவதானிப்பின் கீழ்’ என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதன் அர்த்தம் எனக்கு விளங்கக் கொஞ்ச காலம் எடுத்தது. அதாவது, அரசாங்கம் நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும். நாம் விழுந்தால், விழுந்ததாகக் குறித்துக்கொள்ளும்.

முன்பெல்லாம் மழை பலத்தால் கீழ் லயத்து ஆட்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு பாடசாலை மண்டபத்துக்கு, எங்கள் பேச்சில் ஹோலுக்கு, வந்துவிடுவார்கள். அப்படி ஒருமுறை திறந்துவிட்டதற்கு, எந்த எச்சரிக்கையின் பேரில் திறந்தீர்கள் என்று வலயக் கல்வி அலுவலகம் பாடசாலைத் தலைவரான அதிபரிடம் விளக்கம் கேட்டது. அதிபர் பாவம், ஓய்வூதியத்துக்குக் கிட்டத்தில் இருப்பவர். அதிலிருந்து எச்சரிக்கைச் செய்தி போனில் வந்தால்தான் ஹோல் திறக்கும் என்று ஆயிற்று. எச்சரிக்கை வர வேண்டுமானால் மழையின் அளவு தெரிய வேண்டும். அதற்காகத்தான் எங்கள் தோட்டத்துக்கு மழைமானி வந்தது.

“மழைய அளந்து என்னடி செய்யப் போறாங்க?” என்று அக்கா கேட்டாள்.

“அளவு தாண்டுனா போன்ல சொல்லுவாங்க. ஒடனே ஹோலத் தெறக்கணும். அப்படி நாலு தடவ வந்துட்டா, இந்த எடம் சரியில்லன்னு முடிவாகி, வேற எடத்துல வீட்டுக்கு ஒன் பேரு போயிரும்.”

“அப்ப நல்லா பேயட்டும்” என்றாள் அக்கா. பின்சுவரைப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் பாத்து பேயட்டும்” என்று திருத்திக்கொண்டாள்.

கருவியைச் சமதரையில், நான்கு பக்கமும் மறைப்பில்லாத இடத்தில் வைக்க வேண்டும் என்பது விதி. தோட்டத்தில் எங்கள் பிரிவான டிவிசனில் சமதரை என்றால் பெரட்டுக் களம் மட்டும்தான், காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க எல்லாரும் கூடும் இடம். மற்றதெல்லாம் சரிவு. எங்கள் பிள்ளைகள் பந்து விளையாடுவதைவிடப் பந்து பொறுக்குவதில்தான் கெட்டிக்காரர்கள். ஆகவே பெரட்டுக் களத்தின் ஓரத்தில் வேலி போட்டு அதை நட்டார்கள். ஒரு வெள்ளைக் குழாய், தலையில் புனல், பக்கத்தில் நீட்டிய கையில் ஒரு சின்ன சோலார் தகடு. புனலில் விழுகிற தண்ணீரை உள்ளே இருக்கும் கரண்டி கவிழ்த்துக் கவிழ்த்து எண்ணும். எண்ணியதைத் தானாகவே கொழும்புக்கு அனுப்பும். நான் வகுப்பையே கூட்டிப்போய்க் காட்டினேன்.

ஆயுத பூசை வந்தது. எங்கள் தோட்டத்தில் அன்றைக்கு எதையும் விடமாட்டார்கள். பெக்டரி இயந்திரம், கொழுந்து லொறி, தராசு, மருந்தடிக்கும் டாங்கி எல்லாவற்றுக்கும் பொட்டு விழும். மழைமானிக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சூடம் காட்டினார்கள். மாலை புனலை மூடிவிடாமல் நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டேன். எங்கள் ஆட்களால் அதற்கு எந்தக் கெடுதலும் வரவில்லை.

பிறகு கணக்காய்வு வந்தது. அரசாங்கப் பொருட்கள் பத்திரமாக இருக்கின்றனவா என்று பார்ப்பதற்காக ஓர் உத்தியோகத்தர் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் வந்த அன்று நல்ல மழை. அவர் வாகனத்தை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை அரைவாசி இறக்கிப் பார்த்தார். பெறுமதியான கருவி ஒன்று கேட்பாரற்று மழையில் நனைந்துகொண்டிருந்தது. மனிதருக்கு மனம் பொறுக்கவில்லை. உடனடியாகப் பாதுகாப்பான கூரை அமைக்கப்பட வேண்டும் என்று தோட்டத்துக்குக் கடிதம் வந்தது. அவரைக் குறை சொல்லக் கூடாது. பொருளைக் காப்பது அவருடைய திணைக்களம். அந்தப் பொருள் எதற்கு என்பது வேறொரு திணைக்களம்.

தோட்டத்தில் ஒரு பழக்கம் இருக்கிறது. உள்ளே இருப்பவர்கள் கேட்டால் எதுவும் நடக்காது. காம்பராவின் தகரத்தை மாற்றித் தரும்படி கேட்டுக் கேட்டே என் அப்பா காலமானார். ஆனால் வெளியிலிருந்து முத்திரை குத்திய கடிதம் ஒன்று வந்துவிட்டால், ஏன் எதற்கு என்ற பேச்சே இல்லாமல் வேலை நடக்கும். சொன்னதைச் செய், யோசிக்கிற வேலை உனக்கு இல்லை என்று தலைமுறை தலைமுறையாக எங்களைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். நாங்களும் நன்றாகவே பழகிவிட்டோம்.

அந்தக் கிழமை ஏழு நாளும் நான் ஊரில் இல்லை. வளிமண்டலத்தை எளிய உபகரணங்களைக் கொண்டு கற்பிப்பது எப்படி என்று கண்டியில் ஒரு பயிற்சி. திரும்பி வந்து பெரட்டுக் களத்தில் கால் வைத்தபோது அது நின்றது. நான்கு மரத் தூண்கள், மின்னும் புதுத் தகரம், ஆணிக்கு ஆணி தார். கூரையில் விழும் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட உள்ளே தெறிக்காதபடி சுற்றிவரப் பீலி வைத்து, வடிகானுக்குள் விட்டிருந்தார்கள். சோலார் தகட்டுக்கு வெயில் வேண்டும் என்பது ஆசாரிக்குத் தெரிந்திருந்தது. அதை மட்டும் வெளியே விட்டு அழகாகத் தகரத்தை வெட்டியிருந்தார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. மழைமானி வரண்டு போய் நின்றது.

கணக்கப்பிள்ளை அங்கேதான் நின்றார். டிவிசனில் எங்களை வேலை வாங்குபவர், நல்ல மனிதர், அன்றைக்குப் பெருமையில் இருந்தார்.

“எப்படி டீச்சர்? நம்ம டிவிசன்ல இப்படி ஒரு வேல நடந்திருக்கா?”

“ஐயா, இது மழைய அளக்கிற மெசினுங்க.”

“தெரியும் டீச்சர். அதான் நனையாம வச்சிருக்கோம்.”

“நனைஞ்சாத்தானுங்க அளக்கும்.”

அவர் என்னைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். மனிதர் முட்டாள் இல்லை, எல்லாம் விளங்கிவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “அது ஒங்களுக்கும் எனக்கும் தெரியும் டீச்சர். கடுதாசியில அப்படி இல்லையே.”

“இப்பவே ரெண்டு தகரத்தக் கழட்டிருவோமா?”

“கழட்டச் சொல்லி ஒரு கடுதாசி வரட்டும். அன்னைக்கே கழட்டிர்றேன்.”

நான் சிரித்துக்கொண்டேதான் கீழ் லயத்துக்கு இறங்கினேன். வழியெல்லாம் சிரிப்பு. அக்கா வேலை விட்டு வந்து, ஒழுகுகிற இடங்களுக்கெல்லாம் சட்டியும் வாளியும் வைத்துக்கொண்டிருந்தாள். கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“அப்ப எங்களுக்குப் போன் வராதா?” என்று கேட்டாள்.

படித்தவள் நான், அந்தக் கேள்வி எனக்கல்லவா முதலில் வந்திருக்க வேண்டும்? மூத்த பிள்ளை மூலையில் உட்கார்ந்து என் பாடத்துக்கே வீட்டுவேலை செய்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் சுவரில் அந்தக் கோடு இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

மறுநாளே கொழும்பு அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். சிங்களத்தில் பேசினோம். மறுமுனையில் இருந்தவர் மிகவும் மரியாதையானவர்.

“உங்கள் நிலையத்தைப் பற்றி நாங்களே பெருமையாகப் பேசுவோம், மிஸ். மற்ற இடங்களில் அடிக்கடி அறுந்துவிடும். உங்களிடமிருந்து மட்டும் ஒரு நாளும் தவறாமல் தரவு வருகிறது.”

“என்ன தரவு வருகிறது, சேர்?”

“பூச்சியம்.”

“இங்கே கொட்டிக்கொண்டிருக்கிறது, சேர்.”

“உங்கள் பக்கம் மழை இல்லை, மிஸ்” என்றார், என்னைத் தேற்றுவது போல.

நான் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தேன். பாடசாலைத் தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தில் எனக்கே காது அடைத்தது. உள்ளே எடுத்து, “கேட்கிறதா, சேர்?” என்றேன்.

“ஏதோ இரைச்சல்தான் கேட்கிறது. லைன் சரியில்லை போல. கடிதம் எழுதுங்கள்” என்று வைத்துவிட்டார்.

எழுதினேன். என் கடிதம் போய்ச் சேர்வதற்குள் பூச்சியங்கள் வேறு பக்கம் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டன. ஒரு நாள் காலை, தொப்பலாக நனைந்தபடி, தண்ணீர் ஏற்றிய பவுசர் லொறி ஒன்று தோட்டத்துக்கு ஏறி வந்தது. வரட்சி நிவாரணம். சாரதி மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு இறங்கி, குடும்பத்துக்கு இவ்வளவு லீட்டர் என்று அளந்து ஊற்ற ஆரம்பித்தார். மூடியைத் திறந்ததும் மழைத்தண்ணீரும் சேர்ந்து உள்ளே விழுந்ததால், கொடுக்கக் கொடுக்கக் குறையவில்லை. எங்கள் பெண்கள் குடை பிடித்துக்கொண்டு வரிசையில் நின்று வாங்கினார்கள். ஏன் வாங்கினாய் என்று அக்காவிடம் கேட்டேன்.

“நம்ம கேட்டது எதுவும் வந்ததில்ல. கேக்காம வந்தத வேணாங்கலாமா?” என்றாள்.

பவுசர் திரும்பிப் போகும்போது லயத்து வளைவில் சேற்றில் புதைந்துவிட்டது. வரட்சியால் பாதிக்கப்பட்ட நாங்கள் எல்லாரும் சேர்ந்து தள்ளிவிட்டோம். கடும் மழை காரணமாக வரட்சி நிவாரணம் தாமதமடைந்தது என்று சாரதி மேலிடத்துக்குப் போனில் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். மேலிடம் சரி என்றதாம்.

அதுவரைக்கும் சிரிக்க முடிந்தது. அடுத்து வந்த அறிவித்தல்தான் சிரிப்பைப் பிடுங்கிக்கொண்டது. நீண்ட காலமாக மழைவீழ்ச்சி பதிவாகாததால் கீழ் லயத்துக்குப் பின்னுள்ள மலையில் அபாயம் இல்லை, குடும்பங்கள் அவதானிப்பிலிருந்து விடுவிக்கப்படுகின்றன என்றது அது. என் கடிதத்துக்கும் பதில் வந்தது. கூரை இப்போது அரசாங்கச் சொத்து. அதை அகற்றுவதானால் சபை ஒன்று கூடி, அது பாவனைக்கு உதவாதது என்று தீர்மானிக்க வேண்டும். கூரையோ புத்தம் புதியது, எந்தச் சபையும் அப்படிச் சொல்ல முடியாது. கருவியை வேறு இடத்துக்கு மாற்றலாம். ஆனால் அது புதிய நிலையமாகிவிடும், பல வருடத் தரவு சேர்ந்த பிறகே அதை நம்ப முடியும். எனக்கு வந்த ஆத்திரத்தில் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து எடுத்து வைத்தேன். அரசாங்க ஊழியை அல்லவா நானும்.

எங்களைக் காப்பாற்றியது ஒருத்தியின் சந்தேகம்தான். மண்சரிவு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஓர் இளம் பெண் உத்தியோகத்தர், சுற்றிவர எல்லா இடத்திலும் மழை பெய்யும்போது இந்த ஒரு புள்ளியில் மட்டும் எப்படிப் பெய்யாமல் இருக்கும் என்று யோசித்திருக்கிறாள். யோசித்ததோடு நிற்காமல், லீவு எடுத்துக்கொண்டு, சொந்தக் காசில் ஆட்டோ பிடித்து வந்திருக்கிறாள். அலுவல் ரீதியாக வருவதானால், மழையில்லாத இடத்து மழையை ஆராய்வதற்கு அனுமதி கிடைக்காதாம்.

அவள் வந்து இறங்கியபோது பாடசாலை விட்டு நானும் அக்காவும் பெரட்டுக் களத்தில் நின்றோம். மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. அவள் ஓடிப் போய்க் கண்ணில் பட்ட கூரைக்குக் கீழே ஒதுங்கினாள். நாங்களும் ஒதுங்கினோம். தலையைத் துவட்டிக்கொண்டே என்னிடம் சிங்களத்தில், “டீச்சர், இங்கே ஒரு மழைமானி இருக்கிறதாமே, எங்கே?” என்று கேட்டாள். அதன் வேலி மேல்தான் சாய்ந்துகொண்டிருந்தாள்.

நான் விரலால் காட்டினேன். அவள் திரும்பிப் பார்த்தாள், அண்ணாந்து பார்த்தாள், அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தாள். அக்காவுக்குச் சிங்களம் நன்றாகவே தெரியும். ஆனால் கோபம் வந்தால் தமிழ்தான் வரும்.

“சிரிங்க மிஸ், நல்லா சிரிங்க. சிரிச்சு முடிச்சிட்டு நம்ம காம்பராவையும் ஒரு தரம் பாத்துட்டுப் போங்க.”

வார்த்தை விளங்கவில்லை என்றாலும் குரல் விளங்கிவிட்டது. அவள் எழுந்து பின்னாலேயே வந்தாள். பின்சுவரைப் பார்த்தாள். மழையோடு மலையில் ஏறி, வெடிப்புக்குள் கையை விட்டுப் பார்த்தாள். தோள் வரைக்கும் போனது. இறங்கி வந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை. அக்கா கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, விதியைச் சரியாகச் சொல்லுங்கள் என்று என்னிடம் கேட்டாள். நான் தேய்த்து வைத்திருந்த கடிதத்தை வாசித்துக் காட்டினேன்.

“கூரை இருக்க வேண்டும் என்கிறார்கள். அகற்றக் கூடாது என்கிறார்கள்” என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். “திறக்கக் கூடாது என்று எங்கேயாவது இருக்கிறதா?”

இல்லை. எங்கேயும் இல்லை. அவ்வளவு கவனமாக விதி எழுதியவர்களுக்கு, கதவைத் திறந்து மூட வைக்கும் பிணைச்சல் ஞாபகம் வரவில்லை.

அவள் அலுவலகம் திரும்பி, மழையில்லாத வேளைகளில் கருவியைக் கூரை மூடியிருக்க வேண்டும் என்று ஓர் ஆலோசனைக் குறிப்பு அனுப்பினாள். மழை பெய்யும் வேளையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. முத்திரை இருந்தது, கணக்கப்பிள்ளைக்கு அது போதும். சந்தோசத்தில் அவரே ஆசாரியைத் தேடிப் போனார். தலவாக்கலை ஹார்ட்வெயார் கடையில் நல்ல கனமான பிணைச்சல் வாங்கி, கூரையை ஒரு பக்கத்தில் மாட்டி, மறுபக்கம் கயிறு கட்டினார்கள். கயிற்றை இழுத்தால் கூரை பெட்டி மூடியைப் போல எழுந்து நிற்கும். முதல் தடவை இழுத்தது அக்கா. மழை நேராகப் புனலுக்குள் விழுந்தது. உள்ளே கரண்டி டக் என்று கவிழ்ந்த சத்தத்துக்குப் பெரட்டுக் களமே கை தட்டியது. விஞ்ஞானத்துக்கு அவ்வளவு கைதட்டல் நான் எந்தக் கண்காட்சியிலும் கேட்டதில்லை.

கொஞ்ச நாளில் அது அக்காவின் வேலையாகவே ஆகிவிட்டது. யாரும் நியமிக்கவில்லை. மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும்போதே மேகத்தைப் பார்த்து, கூடையோடு இறங்கி வந்து கயிற்றை இழுத்துவிட்டுப் போவாள். கங்காணி முதலில் கத்தினார். அவருடைய தங்கச்சியும் கீழ் லயத்தில்தான் இருக்கிறாள் என்று அக்கா ஞாபகப்படுத்தியதும் கத்துவதை விட்டுவிட்டார். கூரையை மூடுவது மட்டும் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. கணக்காய்வு வாகனம் பெக்டரிச் சந்தியில் திரும்பினால் கணக்கப்பிள்ளை ஓடி வந்து மூடுவார்.

கொழும்பில் பூச்சியங்கள் நின்று, எண்கள் போக ஆரம்பித்தன. இவ்வளவு காலம் வரட்சியில் கிடந்த இடத்தில் திடீரென்று மழை பெய்வது எப்படி என்று ஒரு விளக்கம் கேட்டார்கள். காலநிலை மாறிவிட்டது என்று எழுதி அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். கீழ் லயம் மறுபடியும் அவதானிப்பின் கீழ் வந்தது. அந்த வார்த்தையை வைத்து அவ்வளவு கேலி செய்த நான், அது திரும்பக் கிடைத்தபோது கோயிலில் தேங்காய் உடைத்தேன்.

பிறகு அந்தக் கிழமை வந்தது. காற்றும் மழையும் சேர்ந்து, ரயில் ஓடாமல், ஹட்டன் பஸ்ஸும் பாதியில் நின்ற கிழமை. அக்கா விடியற்காலையே கூரையைத் திறந்து கயிற்றை இறுகக் கட்டிவிட்டிருந்தாள். வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது அதிபரின் போனுக்குச் செய்தி வந்தது. சிங்களத்தில் மட்டும்தான் வந்தது. தமிழ்ச் செய்தி மறுநாள் வந்து சேர்ந்தது. உடனடியாக வெளியேறவும் என்று இருந்தது. அதிபர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை வாசித்தார். அப்புறம் எங்கள் எல்லாரையும் விட வேகமாக ஓடிப் போய் ஹோலைத் திறந்தவர் அவர்தான்.

கீழ் லயமே ஏறி வந்தது. தலையில் மூட்டை, இடுப்பில் பிள்ளை, தார்ப்பாய்ப் படங்கில் சுற்றிய டீவி, கூடைக்குள் கோழிகள். என் அக்காவைக் காணவில்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் என்னோடுதான் இருந்தார்கள், அம்மா எங்கே அம்மா எங்கே என்று என் சேலையைப் பிடித்து இழுத்தார்கள். கடைசியாக, முழங்கால் வரை சேற்றோடு, நடக்கமாட்டாத ஒரு பக்கத்து வீட்டுக்காரரைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். நான் ஏசினேன். பாடசாலைப் பிள்ளைகள் முன்னிலையில் ஆசிரியை பேசக் கூடாத வார்த்தை எல்லாம் பேசினேன்.

மறுநாள் காலை, வேறு நாளாக இருந்தால் பெரட்டு நேரம், மலை இறங்கியது. லொறி நிறையக் கல்லைக் கொட்டுவது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். ஹோல் வாசலில் நின்று பார்த்தோம். கீழ் லயத்தின் பாதி இருந்த இடத்தில் சிவப்பு மண் இருந்தது. பெண்கள் தலைகளை எண்ணினார்கள், பிள்ளைகளை எண்ணினார்கள், கோழிகளைக்கூட எண்ணினார்கள். யாரும் குறையவில்லை.

இரண்டு மாதம் கழித்து மேல் டிவிசனில், நல்ல இடத்தில், வீடு கட்ட நிலம் ஒதுக்கினார்கள். அதற்கு ஒரே ஒரு தேவைதான் பாக்கி: வீட்டை இழந்தவர் தன் வீட்டுக்கு முன்னால் நிற்கும் படம். வீடே இல்லையே என்று நான் கேட்டேன். அதனால்தான் சேதத்தை உறுதி செய்யப் படம் வேண்டும் என்றார் வந்த உத்தியோகத்தர். நம் தமிழ்ப் பையன்தான், ஹட்டன் பக்கம். அவனும் என்ன செய்வான்.

அக்கா தலை வாரி, பூ வைத்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள். காம்பரா இருந்த இடத்தை அவளே குத்துமதிப்பாகக் கண்டுபிடித்து, மண்மேட்டுக்கு முன்னால் பிள்ளைகளை இரண்டு பக்கமும் நிறுத்திக்கொண்டு நின்றாள். தூறல் போட்டது. நான் படத்துக்குள் விழாமல் தள்ளி நின்று குடை பிடித்தேன். பையன் போனை உயர்த்தினான், இறக்கினான்.

“அக்கா, சிரிக்காதீங்க. இது சேத அறிக்கைக்குப் போற படம்.”

அக்கா வாயை மூடப் பார்த்தாள். முடியவில்லை. பிள்ளைகளும் சேர்ந்து சிரித்துவிட்டார்கள்.

“கொஞ்சம் கவலையா நில்லுங்கக்கா. மேல கேப்பாங்க.”

“என்னத்தக் கேப்பாங்க தம்பி?” என்றாள் அக்கா. “காம்பராதானே போச்சு. நான் முழுசா நிக்கிறேன், எம் புள்ளைங்க முழுசா நிக்கிறாங்க. எந்தச் சேதத்துக்கு என்னைய அழுவச் சொல்றீங்க?”

பையன் போனை மறுபடியும் உயர்த்தினான். பிறகு அப்படியே எடுத்துக்கொண்டான். அழுதது நான்தான், நான் படத்தில் இல்லை.